சீனக் கடையில் சீரகம் வாங்குவது எப்படி?

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்களுக்கு மளிகைக் கடை. மாமனார் ஆரம்பித்தது. 26 வருஷமாக நானும் வீட்டுக்காரரும் பார்த்துக்கொள்கிறோம். மூத்த மகள் டாக்டருக்குப் படிக்கச் சீனாவில் குவாங்ஷி பக்கம் நான்னிங் என்ற ஊருக்குப் போனாள். போன இரண்டாவது வாரம், ராத்திரி வீடியோ காலில் வந்து, "அம்மா, ரசம் வெச்சேன், குருமா வாசம் வருதும்மா" என்று அழுதாள்.

என்ன போட்டாய் என்று கேட்டதற்குச் சீரகம் என்றாள். உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டிக் காட்டச் சொன்னேன். பச்சை ஓடிய தடித்த மணி, முதுகில் நெடுக வரி வரியாக மேடு. சோம்பு! சீரகம் ஒல்லியாக, பழுப்பாக, லேசாக வளைந்து இருக்கும். விரல் நடுவில் வைத்துக் கசக்கினால் மண்வாசம் கலந்த காரமான மணம் வரும். கடையில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு இது தெரியாததல்ல. பாக்கெட் மூடியிருந்தது, போனில் இருந்த மொழிபெயர்ப்பு ஆப் சீரகத்துக்கு 'ஷியாவ் ஹுவெய்ஷியாங்' என்று காட்டியிருக்கிறது, கடைக்காரம்மாவும் அந்தப் பெயருக்கு உரிய சரக்கைச் சரியாகவே எடுத்துக் கொடுத்திருக்கிறார். வீட்டு நினைவில் இருந்த பிள்ளை பார்க்காமல் கொட்டிவிட்டாள்.

அன்று ஒரு நோட்டுப் போட்டேன். அவள் அங்கே கடையில் பார்க்கும் ஒவ்வொரு சரக்கையும் போட்டோ எடுத்து அனுப்புவாள், பெயரைச் சொல்லுவாள், நான் தமிழில் எழுதிக்கொள்வேன். நாலாம் வருஷம் நானே போய் ஒரு மாதம் அவளோடு இருந்துவிட்டு வந்தேன். இப்போது சீனாவுக்குப் பிள்ளையை அனுப்பும் தாய்மார் பெட்டி கட்ட மளிகை வாங்க வந்தால் அந்த நோட்டைக் கேட்கிறார்கள். அதனால் எல்லோருக்கும் ஆகட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் வாய். சீனப் பெயர்களை ஆங்கில எழுத்தில் பார்த்துப் படிக்கிற பிள்ளைகள் ஆங்கிலம் மாதிரியே உச்சரிக்கிறார்கள். கடைக்காரருக்குப் புரிவதில்லை. தமிழ் வாய்க்கு இது சுலபம். ஆங்கில எழுத்தில் 'பாட்டா' செருப்பின் முதல் எழுத்தைப் போட்டிருந்தாலும், நம் 'பால்' என்பதில் வருகிற பாவைச் சொல்லுங்கள், அதுதான் சரி. அதே மாதிரி நம் தலையின் த, கண்ணின் க. இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது: அவர்களுடைய ர பெரும்பாலும் நம் ழ. நாக்கை மேலே மடித்து, தொடாமல் விடுகிற அதே ழ. 'மழை' சொல்லத் தெரிந்த வாய்க்கு அது வந்துவிடும்.

அப்புறம் ராகம். ஒரே சத்தத்தை நாலு விதமாக இழுத்தால் நாலு பொருள். ஒன்று, சுருதிப் பெட்டி போல மேலேயே பிடித்து நீட்டுவது. இரண்டு, வாசலில் சத்தம் கேட்டு "யாரு?" என்று கேட்பது போல ஏற்றுவது. மூன்று, நம்பாமல் "அப்படியா?" என்று இழுக்கிற மாதிரி இறக்கி ஏற்றுவது. நாலு, "போ!" என்று வெட்டுவது. இதை மட்டும் ஒரு நாள் உட்கார்ந்து பழகிக்கொள்ளுங்கள். ஏன் என்று கீழே வரும்.

சரி, பெயர்களுக்கு வருவோம். ஒவ்வொரு பெயரையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். நாம் பெருங்காயம், பெருஞ்சீரகம், மிளகாய் என்று ஒட்டி ஒட்டிச் செய்துகொள்கிற மாதிரிதான் அவர்களும் செய்திருக்கிறார்கள். ஒட்டுகிற துண்டுகள் தெரிந்தால் போதும். ஷியாங் என்றால் மணம். ஜியாவ் (சுருதி போல நீட்டி) என்றால் காரமான மிளகு வகை. பீ தோல், பட்டை. யே இலை. ஃபன் தூள். லீ மணி, முழுசு. தா பெரியது, ஷியாவ் சிறியது. கான் காய்ந்தது. இந்தத் துண்டுகளோடு கடைக்குப் போனால் பாக்கெட்டில் பாதி புரியும்.

ஷியாங் எழுத்தைக் கண்ணாலும் பழகிக்கொள்ளுங்கள், மசாலா அலமாரி முழுக்க அதுதான் இருக்கும். மேலே பயிரைக் குறிக்கும் வடிவம், கீழே சூரியனைக் குறிக்கும் பெட்டி, பெட்டியின் நடுவில் ஒரு கோடு. மொட்டை மாடியில் மிளகாயும் மல்லியும் வெயிலில் காயும்போது ஒரு வாசம் எழும்பும் இல்லையா, எனக்கு அந்த எழுத்தைப் பார்த்தால் அதுதான் நினைவுக்கு வரும். இன்னொரு அடையாளம், எழுத்தின் தலையில் ஒரு படுக்கைக் கோடு, அதைக் குறுக்கே வெட்டும் இரண்டு குட்டிக் கோடுகள். அது புல். பூண்டு, வெங்காயத்தாள், சோம்பு, புதினா, ஏலக்காய் என்று செடி சம்பந்தப்பட்ட பல எழுத்துகளின் தலையில் அந்தப் புல் உட்கார்ந்திருக்கும்.

இப்போது என் மகளை அழவைத்த பெயர். ஷியாவ் ஹுவெய்ஷியாங், அதாவது சின்ன ஹுவெய்ஷியாங், சோம்பு. தா ஹுவெய்ஷியாங், பெரிய ஹுவெய்ஷியாங், அன்னாசிப்பூ. நாம் சோம்பைப் பெருஞ்சீரகம் என்கிறோம். நம் பெருசு அவர்களுக்குச் சிறுசு. நாம் சீரகத்தோடு ஒப்பிட்டுச் சோம்பைப் பெரிது என்றோம். அவர்கள் அன்னாசிப்பூவோடு ஒப்பிட்டுச் சிறிது என்றார்கள். இதில் ஆப் குழம்பியதில் ஆச்சரியமில்லை. தைவான், ஹாங்காங் பக்கம் சிலர் சீரகத்தையே ஷியாவ் ஹுவெய்ஷியாங் என்று எழுதுவதும் உண்டு. அதனால் இந்தப் பெயரைப் பார்த்தால் பாக்கெட்டைத் திருப்பி, கண்ணாடித் தாள் வழியாக மணியைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

சீரகத்துக்குச் சரியான பெயர் ட்ஸழான். மகள் அதைக் கண்டுபிடித்தது கடையில் அல்ல, தெருவில். ராத்திரிக் கடைத்தெருவில் ஒருவர் ஆட்டுக்கறியைக் குச்சியில் குத்திக் கரியடுப்பில் சுட்டுக்கொண்டிருந்தார். டப்பாவிலிருந்து எதையோ அள்ளி மேலே தூவியதும் எங்கள் வீட்டு அடுப்படி வாசம் வந்தது என்றாள். டப்பாவைக் காட்டி என்ன என்று கேட்டிருக்கிறாள். "ட்ஸழான்" என்றாராம். சீனாவின் வடமேற்கே ஷின்ஜியாங்கில் வாழும் உய்குர் மக்கள் சீரகத்தை 'ஸிரே' என்கிறார்கள். அதிலிருந்துதான் சீனத்துக்கு வந்தது. பாரசீகத்திலும் ஏறக்குறைய அதே சொல். இந்திக்காரர்களுக்கு ஜீரா, நமக்குச் சீரகம். எல்லாம் ஒரு வழிச் சொந்தம். அடுத்த நாள் அவள் கடைக்குப் போய் 'ட்ஸழான்லீ' என்று கேட்டாள். லீ சேர்க்க மறக்காதீர்கள், சேர்க்காவிட்டால் சுட்ட கறிக்குத் தூவும் தூளை எடுத்து நீட்டுவார்கள். சிலவற்றில் உப்பும் மிளகாயும் கலந்திருக்கும்.

அன்னாசிப்பூவுக்கு இன்னொரு பெயரும் உண்டு, அதுதான் அதிகம் புழங்குவது: பாஜியாவ். பா என்றால் எட்டு, ஜியாவ் என்றால் முனை. ஒன்றை உள்ளங்கையில் வைத்து எண்ணிப் பாருங்கள், நல்ல சரக்கில் எட்டு இதழ் இருக்கும். நாம் பூவைப் பார்த்தோம், அவர்கள் முனையைப் பார்த்தார்கள். இங்கேதான் ராகம் வேண்டும் என்றேன். இந்த ஜியாவ் இறக்கி ஏற்றுவது. மிளகு ஜியாவ் நீட்டுவது. எழுத்தும் வேறு. எட்டைக் குறிக்கும் எழுத்து மிக எளிது: மேலே ஒட்டாமல் இரண்டு பக்கமும் சாய்ந்து இறங்கும் இரண்டே கோடுகள், முகடு இல்லாத கூரை மாதிரி. வட சீனாவில் இதையே தாலியாவ், பெரிய சரக்கு, என்பார்கள்.

மிளகு ஜியாவ் குடும்பத்தில் மூவர். ஹூஜியாவ் நம் மிளகு. லாஜியாவ் மிளகாய், கான் லாஜியாவ் காய்ந்த மிளகாய். ஹுவாஜியாவ், 'பூ மிளகு', நம்மிடம் புழக்கத்தில் இல்லாதது: வெடித்துத் திறந்த சிவப்புத் தோல், கடித்தால் காரம் அல்ல, நாக்கு மரத்துப்போகும். மிளகு என்று நினைத்துப் பொங்கலில் தாளித்துவிடாதீர்கள். கடையில் வெறும் ஹூஜியாவ் என்று கேட்டால் தென் சீனாவில் பெரும்பாலும் வெள்ளை மிளகுத்தூள் வரும். நமக்கு வேண்டியது 'ஹெய் ஹூஜியாவ் லீ', கறுப்பு மிளகு முழுசு.

மிளகாய் கடல் தாண்டி வந்தபோது நாம் பழைய மிளகோடு காயைச் சேர்த்து அதற்குப் பெயர் வைத்தோம். அவர்களும் தங்கள் பழைய ஜியாவையே எடுத்து, முன்னால் 'லா', உறைப்பு, என்று வைத்தார்கள். ஒருவரையொருவர் கேட்காமலே இரண்டு பேரும் ஒரே மாதிரி யோசித்திருக்கிறோம். அப்புறம் அந்த ஹூ. அது மேற்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் வந்த அந்நியரைக் குறிக்கும் பழைய சொல். எங்கள் ஜில்லாவிலேயே பறங்கிப்பேட்டை இருக்கிறது. பறங்கிக்காய், பறங்கிப்பட்டை என்று அந்நியரோடு சேர்த்து நாம் பெயர் வைத்த அதே முறை. கேரட்டுக்கும் அவர்கள் ஹூ முள்ளங்கி என்றுதான் சொல்லுகிறார்கள். மிளகு விஷயத்தில் அந்த அந்நிய தேசம் நம் பக்கம். சீனாவின் ச்சுவான்ஜோவ் துறைமுகத்தில் 1281இல் வெட்டிய தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அதே கடற்கரைச் சேற்றில் 1974இல் தோண்டி எடுத்த, அந்தக் காலத்துக் கப்பலில் மிளகும் பாக்கும் இருந்தன. இங்கே புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன. போக்குவரத்து இருந்திருக்கிறது. கடையில் மிளகு மூட்டையைப் பிரிக்கும்போது இதை நான் நினைத்துக்கொள்வேன்.

கிராம்புக்குத் திங்ஷியாங். ஆணி மணம். திங் எழுத்தே ஆணி மாதிரிதான், மேலே ஒரு படுக்கைக் கோடு, நடுவிலிருந்து கீழே இறங்கும் கோடு, நுனியில் சின்னக் கொக்கி. புதுச்சேரி குருசுக்குப்பத்தில் இருக்கும் என் சித்தி பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். இதைச் சொன்னதும், "எங்க பிரெஞ்சுலயும் அது ஆணிதாண்டி" என்றார். 'க்ளூ த ஜிரோஃப்ல்', முதல் சொல் ஆணி. ஒரு கிராம்பை விரலில் நிமிர்த்திப் பிடித்துப் பாருங்கள், பிறகு இந்தப் பெயர் மறக்காது.

பட்டைக்குக் குவெய்ப்பீ. இதை என் மகள் கார் நம்பர் பலகையிலிருந்து கற்றுக்கொண்டாள். குவாங்ஷி பகுதிக்கே சுருக்கப் பெயர் குவெய், அந்த ஊர் வண்டிகள் எல்லாவற்றிலும் நம்பருக்கு முன்னால் அந்த எழுத்து இருக்கும். இடது பக்கம் மரம், வலது பக்கம் மண் என்ற எழுத்து ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு. தினமும் ரோட்டில் பார்த்த எழுத்து ஒரு நாள் கடைப் பாக்கெட்டில் இருந்தது, பக்கத்தில் 'பீ'. பட்டை! அந்தப் பக்கம் மலைகளில் விளைகிற சரக்கு. தடிமன், உறைப்பு, இனிப்பு எல்லாம் கூடுதல். நாம் பெரிய பட்டை போடும் இடத்தில் பாதி போட்டால் போதும். உண்மையில் நம் ஊர்க் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் தடித்த பட்டையில் பெரும்பகுதி சீனா, வியட்நாம் சரக்குதான். மெல்லிசாகச் சுருண்டு, கையில் நொறுங்குவது இலங்கைப் பட்டை. குவெய்ஹுவா என்று ஒன்று இருக்கும், அது வேறு மரத்துப் பூ, டீக்கும் இனிப்புக்கும் போடுவது. பிரியாணிக்கு இலை வேண்டுமானால் ஷியாங்யே. நம் பிரிஞ்சி இலையில் காம்பிலிருந்து நுனிவரை மூன்று நரம்பு ஓடும், அங்கே கிடைப்பதில் நடுவில் ஒன்றுதான். வாசமும் வேறு. வேலைக்கு ஆகும்.

ஏலக்காய்தான் பெரிய சிக்கல். தோவ்கோவ் என்ற பெயரில் பல சரக்குகள். பாய் தோவ்கோவ் வெள்ளையாக உருண்டையாக இருக்கும், கற்பூர வாசம் தூக்கலாக அடிக்கும், பாயசத்துக்கு ஆகாது. ழோவ் தோவ்கோவ் ஏலக்காயே அல்ல, ஜாதிக்காய். ட்ஸாவ்குவோ என்று பாக்கு அளவில் வரி ஓடிய கரும்பழுப்புக் காய் ஒன்று இருக்கும், புகை வாசம், மட்டன் குழம்புக்கு ஒன்றை நசுக்கிப் போட்டால் நன்றாக இருக்கும். நம் பச்சை ஏலக்காய் ஷியாவ் தோவ்கோவ், சாதாரணக் கடையில் கிடைப்பது கஷ்டம். 50 கிராம் ஊரிலிருந்தே கொண்டு போங்கள், ஒரு வருஷம் வரும்.

மஞ்சள் தூள் ஜியாங்ஹுவாங் ஃபன். ஜியாங் இஞ்சி, ஹுவாங் மஞ்சள் நிறம். காலீ ஃபன் மஞ்சள் நிறத்தில் பக்கத்திலேயே இருக்கும், அது மசாலாத்தூள். பெயர் நம் 'கறி'தான், வெள்ளைக்காரர் வாய்வழி சுற்றிப் போனது. ரசத்தில் அது வேண்டாம். கறிவேப்பிலைக்குக் காலீயே என்று பெயர். பெயர் இருக்கிறது, இலையைப் பச்சையாகப் பார்ப்பது அபூர்வம்.

மல்லித்தழை எல்லாக் காய்கறிக் கடையிலும் கிடைக்கும்: ஷியாங்ட்ஸாய், மணக்கீரை. ஆனால் மல்லி விதையில் கவனமாக இருங்கள், இதை அழுத்திச் சொல்கிறேன். ஷியாங்ட்ஸாய் ட்ஸ என்று ஆன்லைனில் தேடினால் விதைப்புக்கு விற்கும் பாக்கெட்டுகளும் வரும். விதைப்பு விதையில் மருந்து பூசியிருக்கலாம். அதை வறுத்து அரைக்கவே கூடாது. பாக்கெட்டில் சமையல் சரக்கு என்ற பொருளில் ஷியாங்லியாவ் அல்லது தியாவ்லியாவ் என்று இருக்கிறதா என்று விற்பவரிடம் கேட்டு உறுதி செய்த பிறகே வாங்குங்கள்.

புதினா போஹ. திருநீற்றுப் பச்சிலை வகைக்கு லுவோல. தைவானில் ஜியோவ்ட்ஸங்தா, ஒன்பது அடுக்குக் கோபுரம். அந்தப் பூங்கதிரைப் பாருங்கள், அடுக்கடுக்காக ஏறும். எங்கள் பாடலீஸ்வரர் கோயில் வாசலில் நின்று கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிற மாதிரியே இருக்கும். புளிக்கு ஸுவான்ஜியாவ், புளிப்பு முனை. பாஜியாவில் வந்த அதே ஜியாவ். கடுகுக்கு ஜியெமொ என்று காட்டினால் நம்பாதீர்கள், மூக்கில் ஏறும் தூளோ விழுதோ வரும். ஜியெட்ஸாய் ட்ஸ என்று விதையைக் கேளுங்கள்.

மளிகையில் கிடைக்காததற்கு நாட்டு மருந்துக் கடை மாதிரி அங்கேயும் கடைகள் உண்டு. சுவர் முழுக்கக் குட்டி இழுப்பறைகள். கிராம்பு, ஜாதிக்காய், சுக்கு (கான்ஜியாங்), அதிமதுரம் (கான்ட்ஸாவ், இனிப்புப் புல்; இந்தக் கான் வேறு எழுத்து, இனிப்பு என்று பொருள்), வெந்தயம் எல்லாம் அங்கே மருந்துச் சரக்கு. வெந்தயம் ஹூலூபா, அரபியில் ஹுல்பா என்பதை அப்படியே எடுத்துக்கொண்டது, பிரித்துப் பொருள் தேட வேண்டாம். பெருங்காயம் ஆவெய், அதையும் மருந்தாகத்தான் தெரியும். நிறுவை ஜின், லியாங் கணக்கு: ஒரு ஜின் 500 கிராம், ஒரு லியாங் 50 கிராம். 'யீ லியாங்' என்று ஒரு விரல் காட்டினால் 50 கிராம் கட்டித் தருவார்கள். நான் போன கடையில் வயதான அம்மா ஒருவர் ஒவ்வொன்றாக என் மூக்குக்கு நேரே நீட்டிக் காட்டினார். நான் தமிழில் பெயர் சொன்னேன், அவர் சீனத்தில் சொன்னார். அரை மணி நேரம் அப்படியே போனது.

கேட்பதற்கு இரண்டு வாக்கியம் போதும். "யோவ் மெய்யோவ் ட்ஸழான்?" என்றால் சீரகம் இருக்கிறதா? இல்லை என்றால் "மெய்யோவ்" என்பார்கள். எதையாவது காட்டி "ஜக ஷ ஷன்ம?" என்றால் இது என்ன? பதிலை உடனே தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். வாங்கி வந்ததும் பாக்கெட்டிலிருந்து பெயர் அச்சிட்ட துண்டை வெட்டி டப்பாவில் ஒட்டி, கீழே தமிழ்ப் பெயரையும் சத்தத்தையும் எழுதிவிடுங்கள். அடுத்த தடவை டப்பாவைப் போட்டோ எடுத்துக்கொண்டு போய்க் கடையில் காட்டினால் போதும்.

ஊரிலிருந்து கொண்டு போக வேண்டியது: பெருங்காயம், ஏலக்காய், கடுகு, உளுத்தம்பருப்பு, நிழலில் உலர்த்திய கறிவேப்பிலை, மல்லி விதை அரைக் கிலோ. பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ, சோம்பு, மிளகாய்க்குப் பெட்டியில் இடம் வீணாக்காதீர்கள். கசகசா மட்டும் ஒரு பொட்டலம்கூட வைக்காதீர்கள். அது அபின் செடியின் விதை, அங்கே சட்டப்படி கூடாது. வீட்டில் இடித்த குருமாப் பொடியிலும் கசகசா இருக்கும். அனுப்புகிற பொடியைக் கசகசா இல்லாமல் தனியாக இடித்து, பொட்டலத்தின் மேல் அப்படி எழுதியும் விடுங்கள்.